ஆறு டிகிரி

தரைக்கு அடியில் சூட்டுக் கம்பி போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, தம்பி. பொறுமை இருந்தால் போதும். கம்பியை நெளிநெளியாக விரிக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, ஓடு பதிக்கும் முன்னும் பின்னும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் கூட்டுப்பண்ணையில் மின்கம்பம் ஏறியவள். பண்ணையைக் கலைத்த பிறகு வோரு வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு ஒயர் இழுத்தவள். எங்கள் வீட்டுத் தரையையும் நானேதான் போட்டேன். வேலையில் கோளாறு இருந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லைனே. வயது அறுபத்து நான்கு. வீட்டில் நானும் என் அக்கா விர்வேயும் மட்டும்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவள், பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு சமையலும் துவையலும் அவள், விறகும் கூரையும் ஒயரும் நான் என்று ஆயிற்று. உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல, அப்படி அமைந்துவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் கணப்பு அடுப்பின் புகைபோக்கி விரிசல் விட்டது. அடுப்பை இடித்துவிட்டுத் தரைச்சூடு போட்டேன், சுவரில் தெர்மோஸ்டாட் மாட்டினேன். எத்தனை டிகிரி வேண்டுமோ அதில் வைத்தால், அறை அந்தச் சூட்டுக்கு வரும் வரை அது கம்பிக்கு மின்சாரம் விடும், வந்ததும் நிறுத்திவிடும். அக்கா அதைத் தொடக்கூட மாட்டாள். "எனக்கு எதுக்கு அதெல்லாம், நீ சொன்னா சரிதான்" என்பாள். முதல் குளிர்காலம் முழுக்க இருபத்து மூன்றில் இருந்தது. வெறுங்காலோடு நடந்து, பாடிக்கொண்டே ரொட்டி சுட்டாள். அந்த ஒரு குளிர்காலம் நாங்கள் நன்றாக இருந்தோம்.

அடுத்த கோடையில் தாலினில் நடந்த பாட்டுத் திருவிழாவில் அவளுக்கு எல்மார் பழக்கமானார். சாரெமா தீவுக்காரர், மனைவியை இழந்தவர், கட்டைக்குரல். கப்பலும் பஸ்ஸுமாக ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து, புகைபோட்ட மீன் ஒரு கட்டோடு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட பத்து ஆடு இருக்கு, ஒரு படகு இருக்கு, ரெண்டு விறகடுப்பு இருக்கு. பாடத் தெரிஞ்ச ஆளுதான் இல்ல," என்றார்.

"ஆடுங்க பாடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"பாடும். சுருதி சேராது."

அவள் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவளோடு இருக்கிறேன், அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வசந்தம் வந்ததும் தீவுக்குப் போய்விடுகிறேன் என்று செப்டம்பரில் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். நான் சரி என்றேன்.

தெர்மோஸ்டாட்டில் திருத்தம் என்று ஒரு வசதி உண்டு. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அங்கே போகலாம். சுவரில் வெயில் பட்டாலோ காற்று அடித்தாலோ அது அறையின் சூட்டைத் தப்பாகக் காட்டும், அதைச் சரிசெய்யக் கொடுத்தது. நான் அதில் இரண்டு டிகிரி கூட்டி வைத்தேன். அதன் பிறகு அறை இருபத்தொன்றுக்கு வந்ததுமே அது இருபத்து மூன்று என்று காட்டிவிட்டு நின்றுகொண்டது. இரண்டு டிகிரி ஒரு விஷயமே இல்லை. ஒரு ஸ்வெட்டர் போட்டால் போயிற்று.

நான் நினைத்தது இவ்வளவுதான். இருபத்து மூன்றிலேயே நடுங்குகிற ஒருத்தி, கடல்காற்று அடிக்கும் தீவில் விறகடுப்பை நம்பி எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அவளாகவே யோசிப்பாள். யோசிப்பது நல்லதுதானே.

ஜனவரியில் அதை நான்கு ஆக்கினேன். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன், எனக்கும் அதே குளிர்தான். கம்பளி உள்ளாடையின் கைகளை முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அது வெளியே தெரியாதபடி மேலே அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன். அவள் சால்வையை இழுத்துப் போர்த்தும்போது எழுந்து போய் ஜன்னலைக் கொஞ்சம் திறப்பேன்.

"உனக்கா குளிருது? எனக்கு வேர்க்குதே அக்கா."

"எனக்குத்தான் ரத்தம் சுண்டிப்போச்சு போல."

டாக்டரிடமும் அழைத்துப் போனேன். ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். இதயம் கொஞ்சம் பலவீனம், மற்றபடி வயதுதான் என்றார். எல்மார் ஞாயிறுதோறும் போன் செய்வார். உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்வாள். கோடையில் நன்றாகத்தான் இருப்பாள். ஆனாலும் தீவின் குளிர்காலத்தை நினைத்துத் தயங்குகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திருத்தம் வைக்க ஆரம்பித்த பிறகு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் அது ஆறு. ஒரு நாள், தோட்டத்து ஆவிக்குளியல் அறையில், அதுதான் சவுனாவில், மாட்டியிருந்த வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் வைத்தாள். பதினேழு காட்டியது.

"லைனே, இங்க பாரேன்."

"அது நூறு டிகிரிக்குச் செஞ்சது அக்கா. கம்மியா இருந்தா அதுக்கு ஒழுங்காக் காட்டத் தெரியாது."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "அதுவும் சரிதான்," என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்.

சவுனா எங்களுக்குச் சனிக்கிழமைச் சமாசாரம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அடுப்பு மூட்டிக் கல்லைக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் வியர்க்க உட்கார்ந்துவிட்டு வருவது. நாலாவதான இந்தக் குளிர்காலத்தில் அவள் செவ்வாய்க்கிழமையும் மூட்ட ஆரம்பித்தாள். பிறகு வியாழன், பிறகு தினமும். அங்கே போனால்தான் அவள் உடம்பில் சூடு ஏறியது. இதயம் பலவீனமானவர்கள் அங்கே அதிக நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு விறகு பிளந்து கொடுத்ததும் நான்தான். வீட்டுச் சூட்டை ஏற்றினால் அவள் அங்கே போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஏற்றினால் தேறிவிடுவாள், தேறினால் தீவுக்குப் போய்விடுவாள். அதனால் ஏற்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. நெடுநேரம் வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். மேல் பலகையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது, நெற்றியில் வியர்வை. எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. நாலு குளிர்காலமாக எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருக்கும் கை, அன்றைக்கு அவ்வளவு சூடாக இருந்தது. அந்தக் கையை விட்டுவிட எனக்கு மனமே வரவில்லை. அக்காவைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு யார் இருந்தார்கள், தம்பி? இன்றைக்கும் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன்.

மாரடைப்பு என்று எழுதினார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள். நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். எல்மார் சொன்ன ஒரு பேச்சுக்காக வந்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து, காப்பி குடித்தவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு, அவர் மட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"அவளுக்குத் தெரியும், லைனே."

"என்ன தெரியும்?"

"உங்க வீட்ல துணி துவைக்கிறது யாரு? கையை வெட்டின அந்தக் கம்பளியையெல்லாம் கொடியில காயப்போட்டது யாரு? வேர்க்குது வேர்க்குதுங்கிறவங்க அதை எதுக்குப் போடுறாங்கன்னு அவளுக்குத் தோணாதா?"

நான் மேசையில் இருந்த காப்பிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன்.

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டா. தெரிஞ்சும் நீ ஏன் அங்க உக்காந்து நடுங்கணும்னு கேட்டேன். 'போகாதக்கான்னு அவ ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன். போயிட்டு வாக்கான்னு சொன்னா வந்துடுவேன். ரெண்டையும் சொல்லாம வீட்டைக் குளிர வைக்கிறா. அப்படிப்பட்டவளை எப்படி விட்டுட்டு வர்றது'ன்னா."

அவர் குரலை உயர்த்தவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதை மறுக்கத்தான் வந்தேன். நான் செய்ததை எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். திருத்தம் வைத்தவள் நான், அவள் உடம்பையே அவள் நம்பாதபடி செய்தவள் நான், அவளை அந்தச் சூட்டுக்குள் அனுப்பியவளும் நான். கொன்றாள் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எல்மார் சொன்னது பொய். நான் அவளை நன்றாகவே ஏமாற்றினேன், அவள் என்னை நம்பினாள். தெரிந்திருந்தது என்றால், நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்று ஆகிவிடும். நாலு குளிர்காலமும் அந்த வார்த்தைக்காகத்தான் அவள் என் எதிரில் உட்கார்ந்து நடுங்கினாள் என்று ஆகிவிடும். அப்படி இருக்க முடியாது. அவளுக்கு எதுவுமே தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள், தம்பி.