கண்ணாடிப் பெட்டியின் உள்பிடி கழற்றப்பட்ட விவரம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தேழு. தொழில், நாடகங்களுக்கு மேடை அமைப்பது. நாடகக்காரர்கள் என்னை அட்டை மாஸ்டர் என்பார்கள். முகத்துக்கு நேரே மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் வெறும் அட்டை.

சென்ற வாரம் அரங்கில் பெட்டிக்குள் மூச்சுத் திணறி மயங்கிய பெண் என் கூடப்பிறந்த அக்காவின் மகள். அக்கா கொடுத்த புகாரின் பேரில் பெட்டியைச் செய்த தச்சரைப் போலீஸார் பிடித்து வைத்திருக்கிறார்கள். அன்று ஒப்பனை அறையில் என்னை விசாரித்தபோது, பெட்டி தச்சருடைய வேலை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். அதை மாற்றிச் சொல்லத்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

நாடகம், சாபத்தால் நூறு வருஷம் தூங்கும் இளவரசியின் கதை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அரண்மனையைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது, இளவரசி விண்கலத்தில் தூங்கட்டும் என்றார். இந்த மாதிரி ஒரு வேலைக்குத்தான் நான் காத்துக்கிடந்தேன். முட்டை அட்டைகளுக்கு வெள்ளிச் சாயம் அடித்து விண்கலத்தின் சுவர் ஆக்கினேன். கதையில் இளவரசியைச் சுற்றி வளரும் முள்காட்டுக்குப் பதிலாகப் பழைய சலவை இயந்திரங்களின் குழாய்களைச் சேகரித்து, ஒன்றோடொன்று பின்னித் தொங்கவிட்டேன். அதிகாரி அவர்கள் இது வழக்குக்குத் தேவையில்லை என்றார். தேவை. அந்த மேடையின் மேல் எனக்கு எவ்வளவு வெறி இருந்தது என்று தெரியாவிட்டால் நான் பின்னால் செய்தது விளங்காது.

மேடை நடுவில் இளவரசி தூங்குவதற்கு ஆள் நீளத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உண்மையில் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடு. அதைத் தச்சர் செய்தார். மூடிக்கு உள்ளேயும் வெளியேயும் பிடி வைத்து, எந்தப் பக்கம் திருகினாலும் திறக்கும்படி ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். அந்த மனிதர் அப்படித்தான், நாற்காலி செய்யச் சொன்னாலும் அதிலும் ஒரு தாழ்ப்பாள் வைப்பார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு போட்டதும் பெண்ணின் முகத்தைவிட அந்த உள்பிடிதான் பளபளவென்று தெரிந்தது. குளியலறைக் கதவு மாதிரி இருக்கிறது, கழற்றும் என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“எத்தன கட ஏறி எறங்கி வாங்குனேன் தெரியுமா மாஸ்டர்? கழட்டுனா ஓட்ட தெரியும்.”

“ஓட்டைய நான் பாத்துக்கறேன். நூறு வருஷம் தூங்கப்போறவளுக்கு உள்ள எதுக்குய்யா பிடி?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மகளும் பெட்டிக்குள் படுத்தபடி சிரித்தாள். தச்சர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். கழற்றியது அவர் கை, கழற்றச் சொன்னது நான். அதன் பிறகு மூடியை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும்.

அதற்கு மாற்றாக, ஏதாவது என்றால் உள்ளிருந்து தட்டு, உடனே திறக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஒத்திகையில் ஒருநாள் கழுத்தில் பூச்சி ஏறிவிட்டது என்று தட்டினாள். அந்தச் சத்தம் இயக்குநருக்குப் பிடித்துப்போய்விட்டது. இளவரசன் குழாய்களை விலக்கிக்கொண்டு வரும்போது ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டு முடிந்ததும் இளவரசி உள்ளேயிருந்து மூன்று முறை மெதுவாகத் தட்டட்டும் என்று நாடகத்திலேயே சேர்த்துவிட்டார். அரங்கம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று பெட்டிக்குள் சிறிய மைக் ஒன்றை ஒட்டியதும் நான்தான். அதன் பிறகு அக்கா மகளைத் தனியாகக் கூப்பிட்டு, நாடகத்துக்கு மெதுவாகத் தட்டு, நிஜமாகவே முடியவில்லை என்றால் நிறுத்தாமல் தட்டு, மாமா பக்கத்திலேயே இருப்பேன் என்று சொன்னேன். இந்த ஏற்பாடு எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

ஒத்திகையில் புகை பெட்டிக்கு வெளியே இயந்திரத்திலிருந்து வந்தது. அது எனக்குத் திருப்தியாக இல்லை. முதல் காட்சியன்று, தண்ணீர் பட்டால் வெள்ளைப் புகை கக்குகிற டிரை ஐஸ் கட்டிகளை வாங்கி வந்தேன். விற்றவர், மூடின இடத்தில் வைக்காதீர்கள், மூச்சு முட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவள் படுக்கும் பலகைக்கு அடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து அதில் கட்டிகளைப் போட்டேன். காற்றுக்காகத் தச்சர் அடியில் விட்டிருந்த இடுக்கு வழியாகப் புகை ஒழுகியது. பிடி இருந்த ஓட்டையைப் போலவே அதையும் வெள்ளி டேப் போட்டு ஒட்டினேன். தச்சர் அப்போது வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது. அக்கா மகள் படுத்துப் பார்த்துவிட்டு, “ஜில்லுன்னு நல்லா இருக்கு மாமா” என்றாள்.

அன்று மாலை முன்வரிசையில் ஒரு பெரிய நாடகக் கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் வேலை பிடித்திருந்தால் என்னை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. நான் மேடை ஓரத்தில் விளக்குப் பலகை முன் நின்றேன். பக்கத்தில் இயக்குநர். பெட்டிக்குள் புகை நிறைந்து, நீல விளக்கில் அவள் முகம் மட்டும் தெரிந்தபோது அரங்கமே வாயடைத்துப்போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

பாட்டின் முதல் அடி பாடும்போதே தட்டும் சத்தம் வந்தது. மெதுவாக இல்லை, மூன்று முறையும் இல்லை. இரண்டு கையாலும் மாறி மாறி, தாளம் கீளம் எதுவும் இல்லாமல், நிறுத்தாமல் தட்டினாள். மைக் வைத்திருந்ததால் அரங்கம் அதிர்ந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். இயக்குநர் என் காதில், “இன்னைக்குப் பொண்ணு பின்னி எடுக்கறா” என்றார். நான், “ஆமா” என்றேன்.

நாலு எட்டு வைத்தால் பெட்டி. திறந்தால் புகை கொட்டிவிடும், காட்சி பாழாகிவிடும், முன்வரிசைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பாட்டு முடியட்டும், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பாட்டு முடிவதற்கு முன்பே சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதன் பிறகு இளவரசன் வந்து மூடியைத் திறந்து, எழுந்திரு என்கிற வசனத்தைச் சொன்னான். அவள் எழவில்லை. மறுபடியும் சொன்னான். ஜனங்கள் சிரித்தார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பி, “அண்ணே, இவ எந்திரிக்கல” என்றான். மேடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியவர் தச்சர். நான் திரையை இறக்கினேன்.

நேற்று அவளுக்குப் பேச்சு வந்தது என்று சொன்னார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா தச்சரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கை விளங்காமல் போக என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அக்கா மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் தட்டுனேன் மாமா. கேக்கலயா?”

“கேக்கலடா கண்ணு.”

“அதான பாத்தேன். கேட்டிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?”

சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காலையில் நேராக இங்கே வந்துவிட்டேன்.

தச்சரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கும் அவள் மகளுக்கும் இதில் உள்ளதை நானே சொல்ல அனுமதி கேட்டேன். விசாரணை முடியும் வரை நான் அவர்களைப் பார்க்கக் கூடாது என்றும், அதிகாரிகளே சொல்வார்கள் என்றும் தெரிவிக்கப்பட்டது.

மேற்கண்டவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முன் தாளில், ‘தட்டும் சத்தத்தை நாடகத்தின் பகுதி என்று கருதினேன்’ என்று எழுதப்பட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதிகாரி அவர்கள், “இப்படியே இருக்கட்டுமே, உங்களுக்கு நல்லது” என்றார். வேண்டாம் என்று அதை அடிக்கச் சொல்லி, ‘உதவி கேட்டுத் தட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது’ என்று என் கையாலேயே எழுதினேன். அடித்த இடத்திலும் இங்கேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)