சிவப்பு டப்பாவுக்குச் சேர வேண்டிய தோட்டா

பெயர்: பிரயனி ராப்சன். வயது: இருபத்து மூன்று. தகப்பனார்: ஆலன் ராப்சன், வேலி போடும் தொழில். முகவரி: 4, மில் ரோ, தோர்ன்ஹோப் கிராமம், ஹெக்ஸம் அருகில், நார்தம்பர்லேண்ட்.

யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்டால் எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும். அதனால் நானே எழுதித் தருகிறேன் என்று காவல் நிலையத்தின் சார்ஜென்ட் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவருடைய நேரத்தையும் இத்தனை தாள்களையும் எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

நான் நியூகாஸிலில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவள். நிரந்தர வேலை இன்னும் அமையவில்லை. இந்தப் பருவம் முழுவதும் தோர்ன்ஹோப் பண்ணையில் நடக்கும் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டையில் சனிக்கிழமைதோறும் கூலிக்குப் போனேன். சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளைச் சேர்ப்பதும், வெடிக்காத தோட்டாக்களைத் தனியே எடுத்துவைப்பதும் என் வேலை. விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவை எங்கள் பக்கத்தில் ஊமை என்போம். காலிக் கூடுகள் கறுப்பு வாளிக்கும் அங்கிருந்து சாக்குக்கும் போகும். ஊமை, பூட்டுள்ள சிவப்புத் தகர டப்பாவுக்குப் போகும். இரண்டையும் துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒப்படைப்போம், அவர் ஊமைகளை அழிக்க அனுப்புவார். எதையும் நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பண்ணையின் வேட்டைக் காவலர் நெவில் மில்பர்ன். "காலியோட வாய் திறந்திருக்கும் கண்ணு, ஊமையோட வாய் மூடியிருக்கும். மூடியிருக்கிறதுக்குத்தான் பயப்படணும். தண்ணியில போட்டா செத்துடும்னு எவனாவது சொன்னா நம்பாத, காய்ஞ்சா முழிச்சுக்கும்" என்றார்.

கடந்த சனிக்கிழமை விரட்டாட்களின் நாள். மற்ற நாட்களில் பணம் கட்டிய கனவான்கள் வரிசையாக நின்று சுடுவார்கள். என் அப்பாவைப் போன்ற விரட்டாட்கள் தடியோடு புதருக்குள் இறங்கிப் பறவைகளை எழுப்பி விடுவார்கள். பருவத்தின் கடைசி நாளில் இது தலைகீழாகும். விரட்டாட்கள் சுடுவார்கள், கனவான்கள் முள்ளுக்குள் இறங்குவார்கள். கூடு பொறுக்குவது, சாக்கு தூக்குவது, சூப் ஊற்றுவது எல்லாம் அன்று அவர்கள் பொறுப்பு. இந்த வழக்கம் தெரியாவிட்டால் அன்று நடந்தது புரியாது என்பதால் எழுதுகிறேன்.

வேட்டைக் குழுவின் தலைவர் திரு. லாங்ஸ்டாஃப். அவரைக் கேப்டன் என்று அழைப்போம். நிலமும் நெவில் குடியிருக்கும் வீடும் அவருடையவை. அன்று அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என் அப்பாவுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் இரவல் கொடுத்தவரும் அவர்தான். நெவில் அன்று துப்பாக்கியைத் தொடவில்லை, நாய்களோடு இருந்தார்.

கடைசிச் சுற்றில் அப்பா ஓடைக்கரையில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் வேலியோரம் நின்றேன். ஒரு ஃபெசன்ட் சேவல் அவர் தலைக்கு மேலே நேராக வந்தது. அப்பா விசையை இழுத்தார், சத்தம் வரவில்லை. புதரிலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்து, "ராப்சன், கோழி உனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போகுது. பதிலுக்குக் கையாவது ஆட்டுய்யா" என்றார். "ஆலன் அதுகிட்ட பேரு விசாரிக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் காது மடல்கள் சிவந்ததைப் பார்த்தேன். வெடிக்காவிட்டால் துப்பாக்கி வாயை வானத்துக்கு வைத்துச் சற்று நேரம் பொறுத்து, பிறகு திறந்து, ஊமை என்று குரல் கொடுக்க வேண்டும். அப்பா உடனே திறந்து, அந்தத் தோட்டாவைப் புல்லில் உதறிவிட்டு, அடுத்ததைப் போட்டு, அடுத்து வந்த பறவையைச் சுட்டு வீழ்த்தினார். அதற்குக் கை தட்டினார்கள். அவர் குரல் கொடுக்கவில்லை.

சுற்று முடிந்து ஊதல் ஊதும்வரை யாரும் முன்னால் போகக் கூடாது என்பதால் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதன் பிறகு ஊதல் கேட்டு நான் போவதற்குள், கேப்டன் தடித்த கையுறையோடு புல்லில் கிடந்தவற்றையெல்லாம் அள்ளி வாளியில் போட்டு, வாளியைச் சாக்கில் கவிழ்த்துவிட்டார். நான் அவரிடம், "சார், அதுல ஒண்ணு வாய் மூடியிருக்கும், எடுத்துடணும்" என்றேன். அவர், "என்னம்மா முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு" என்றார். நான் மறுபடி சொன்னேன். "தரையில கிடந்தா காலின்னு உங்கப்பாதான் வருஷக்கணக்கா பாடம் எடுத்திருக்காரு. இன்னிக்கு நான் விரட்டாள், அவர் பேச்சுதான் எனக்குச் சட்டம்" என்று சிரித்தார். அப்பா அப்படிச் சொல்வது உண்மை. மற்ற நாட்களில் கனவான்கள் ஊமையைக் கையிலேயே வைத்திருந்து நெவிலிடம் தருவார்கள், அதனால் விரட்டாட்களுக்குத் தரையில் கிடப்பதெல்லாம் காலிதான். அன்று ஊமையைத் தரையில் போட்டவர் விரட்டாள், அதைப் பொறுக்கியவர் கனவான்.

அதன் பிறகு நான் நெவிலைத் தேடிப் போய்ச் சொன்னேன். யாருடைய தோட்டா என்று அவர் கேட்கவில்லை. "அவர் சாக்க வண்டிகிட்ட வைக்கட்டும். நாய்களுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன், நாம ரெண்டு பேருமாப் பிரிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

கொட்டகைக்குப் பக்கத்தில், பழைய எண்ணெய் பீப்பாயில் தீ எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கொட்டகைக்குப் பின்புறம் சூப்புக்கு நின்றார்கள். கேப்டன் சாக்கோடு பீப்பாயை நோக்கி வந்தார். நான் அவருக்கு எதிரே போனேன். "வேலை முடியாம எனக்குச் சோறு கிடையாதாம், உங்க ஆளுங்க சொல்றாங்க" என்றார். "சார், சாக்கு வண்டிக்குப் போகணும், நெவில் சொன்னாரு" என்றேன். "எங்க காலத்துல காகிதத் தோட்டா. கூட்டையெல்லாம் அடுப்புலதான் போடுவோம், என்னமா எரியும் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே சாக்கை பீப்பாய்க்குள் போட்டார். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. அவர், "பேசத் தெரியுமே உனக்கு" என்று சொல்லிவிட்டுச் சூப்புக்குப் போய்விட்டார். சாக்கை அவர் போட்டதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

என் குரல் கேட்டு நெவில் ஓடி வந்தார். நான் சாக்கைக் காட்டினேன். "பின்னால போ, யாரையும் இந்தப் பக்கம் விடாத" என்றார். அதன் பிறகு ஒரு விரட்டுத் தடியால் சாக்கைக் குத்தி வெளியே இழுத்தார். பிளாஸ்டிக் உருகிச் சொட்டியது. சாக்கு பீப்பாயின் விளிம்புக்கு வந்தபோது வெடித்தது. பெரிய சத்தமில்லை, பலகை முறிவது போல இருந்தது. துப்பாக்கிக் குழாய்க்குள் இல்லாத தோட்டா ஈயத்தை அவ்வளவு வேகமாக எறியாது, ஆனால் அதன் பித்தளை அடி தெறிக்கும். அது அவருடைய இடது கண்ணில் பட்டது. அவர் உட்கார்ந்துகொண்டு, "நாய்களக் கட்டு கண்ணு" என்றார். மற்றவர்கள் ஓடி வந்தபோது பார்த்தது, நெவிலையும் அவர் கையில் இருந்த தடியையும் அதன் நுனியில் எரியும் சாக்கையும்தான்.

உங்கள் காவலர்கள் வந்து கேட்டபோது கேப்டன், "சாக்கு எப்பவும் நெவில் பொறுப்பு" என்று சொல்வதைக் கேட்டேன். எல்லா நாட்களிலும் அது உண்மை, அன்று மட்டும் இல்லை. நெவில் நல்ல தோட்டாக்களைக் கண்ட இடத்தில் போட்டுவைப்பவர் என்றும் இப்போது ஊரில் பேசுகிறார்கள். நீங்கள் எடுத்துச் சென்ற பித்தளை அடியின் நடுவில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். தீயில் மட்டும் வெந்த தோட்டாவில் அது இருக்காது. ஒரு துப்பாக்கியில் போட்டு விசை இழுக்கப்பட்ட தோட்டா அது. நெவில் அன்று சுடவில்லை.

நெவில் மருத்துவமனையில் இருக்கும்போது அவர் வீட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். துப்பாக்கி உரிமம் இல்லாத வேட்டைக் காவலருக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அந்த வீடும் இல்லை. அவர் மனைவி மொய்ரா நேற்று எங்களிடம் காலி அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு வந்தார். அப்பா எங்கள் கொட்டகையிலிருந்து பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார், மொய்ராவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு கேப்டன் வந்து, நான் விண்ணப்பித்திருக்கும் ஆய்வுக்கூட வேலைக்குத் தான் எழுதவிருக்கும் சிபாரிசுக் கடிதத்தைப் பற்றிப் பேசினார். "நீ பார்த்தது பாதிதானேம்மா, பாதியச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார். அவர் போன பிறகு அப்பா, "நீ படிச்சவ, யோசிச்சுக்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பருவத்தில் சேர்ந்த மற்ற ஊமைகள் உள்ள சிவப்பு டப்பாவை மொய்ரா என்னிடம் ஒப்படைத்தார். காலையில் உங்களுக்குப் போன் செய்து அனுமதி பெற்ற பிறகே கொண்டுவந்தேன். அது உங்கள் நிலைய வாசலில் என் காரில் பூட்டி இருக்கிறது. சாவியை இந்தத் தாளோடு வைக்கிறேன்.

நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் இவ்வளவே. எழுதியதைத் திரும்பப் படித்தேன், மாற்ற ஒன்றுமில்லை. நீதிமன்றத்தில் நின்று சொல்லச் சொன்னாலும் இதையே சொல்வேன், முதல் முறை குரல் எழும்பாவிட்டால் இரண்டாம் முறையும் சொல்வேன்.

ஒரு வேண்டுகோளைக் கடைசிவரை தள்ளிவைத்துவிட்டேன். அப்பாவின் பெயரை இதில் எழுதியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. இன்று அவர் மேல்வயலில் வேலி போடுகிறார், இருட்டும் முன் வந்துவிடுவார். உங்கள் வண்டி எங்கள் தெருவுக்கு வருவதை அதுவரை தள்ளிப்போட முடியுமா? நான் பட்டம் வாங்கிய செய்தியையே அப்பா தபால்காரர் சொல்லித்தான் கேட்டார். இதையாவது அவர் என் வாயால் கேட்கட்டும்.

(ஒப்பம்)
பிரயனி ராப்சன்