பதினோராம் நிமிடத்துத் தையல்

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா. மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் பதிவுக் கருவி நல்லதுதான், ஆனால் விசிறிக்கு நேர் கீழே இருக்கிறது. பிற்பாடு போட்டுக் கேட்டால் என் பேச்சுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்து, இரண்டு மணிக்கு வரவேண்டியவர்களை நாளைக்கு மாற்றி வைத்துவிட்டு நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். காது பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பொத்தானை அமுக்குவேன். சத்தம் கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

'தூரக்கலம்' என்ற வானொலித் தொடரை நீங்கள் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பத்தொன்பது வருஷம் வாராவாரம் வந்தது. பூமியை விட்டுப் போன ஒரு விண்கலம், திரும்பும் வழி தெரியாத முப்பது பேர், அவர்களுக்கு ஒரே ஒரு டாக்டர். அவருக்குப் பெயர் கிடையாது, எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போனார். வீடு நிறைய ஆட்கள். "அழாதே, நீதான் இனிமே ஆம்பள" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த வாரத் தொடரில் டாக்டர் ஒரு நோயாளியிடம், "வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அன்றுதான் நான் அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

தொடர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள்தான் முடிக்கவில்லை. நாங்கள் என்றால் ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தையல்காரர் கடையின் மாடியில் கூடுவோம். தைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு மொத்தத் தொடரையும் கரைத்துக் குடித்தவர் அவர். எண்பத்தெட்டாம் பகுதியில் டாக்டருக்குச் சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார், முந்நூற்று நாற்பதில் அம்மாவுக்குக் கடிதம் சொல்லி எழுத வைக்கிறார், இது எப்படி என்று ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் தையல்காரர் சொன்னார்: "டாக்டர்னா சித்தி இருக்கக் கூடாதா? எனக்கு இருக்காங்களே." அப்படியே ஒத்துக்கொண்டோம்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. காதில் விழுந்ததுதான் நடந்தது, விழாதது நடக்கவில்லை. எழுதியவர் பிறகு பேட்டியில் தலைகீழாக நின்று சொன்னாலும் செல்லாது. இன்னொன்று, பதிவு முழுசாக இருக்க வேண்டும். வெட்டி ஒட்டியதைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் பகுதியில் டாக்டர் சாகிறார். கலத்தில் ஓர் அறையில் ஓட்டை. எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு உள்ளிருந்து கதவை அடைத்துக்கொள்கிறார். காற்று தீரும்வரை மூச்சுச் சத்தம் மட்டும் நாலு நிமிடம். பிரச்சினை என்னவென்றால், அதற்கு ஒரு வருஷம் முன்பே, ஆரம்பத்திலிருந்து டாக்டராகப் பேசிவந்த பழைய நடிகை உடம்பு முடியாமல் விலகிவிட்டார். செத்தது புதுக் குரல். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிற குரல். எங்கள் டாக்டர் எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை. அந்த மூச்சும் நடிப்பு. காற்று இல்லாத அறையில் மூக்கால் நிதானமாக இழுக்கிறார் அந்தப் பெண். தினமும் காதோடு பழகுகிறவனுக்கு அது தெரியாமல் போகுமா?

ஆகவே செத்தவர் எங்கள் டாக்டர் இல்லை என்றேன். தையல்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "காதுல விழுந்துருச்சு. நம்ம விதிதானே? செத்தவங்கள விட்டுடுங்க." பன்னிரண்டு வருஷம் இதே பேச்சு. என் மனைவி கிண்டல் செய்வாள்: "அந்த டாக்டருக்கு இன்னும் எத்தனை போஸ்ட்மார்ட்டம் பாக்கி?" அவளுக்குச் சிரிப்பு. எனக்கோ, அவர் சரியாகச் சாகாமல் அந்த இருட்டில் எங்கேயோ நிற்கிற மாதிரியே இருந்தது. அப்பாவை அனுப்பி வைக்கக்கூட என்னால் முடிந்தது. இவரை முடியவில்லை.

போன வருஷம் பரிசோதனைக்கு ஓர் அம்மா வந்தார். அறுபத்தாறு வயது, கழுத்தில் துண்டு, படி ஏறியதில் மேல்மூச்சு கீழ்மூச்சு. ஹெட்போனை மாட்டி முதல் சத்தத்தைக் கொடுத்தேன். "இப்ப கேக்குது" என்றார். அதே பழைய குரல். டாக்டர்.

அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போவேன். எனக்கு அன்று அரைநாள் வேலை. மகள் வேறு ஊரில், அவர் தனியாக இருந்தார். காய்கறி வாங்கிக் கொடுப்பேன், மருந்துக் கடைக்குப் போய்வருவேன். ஆஸ்துமா அவருக்கு. 'பம்ப்' என்று அவர் சொல்லும் இன்ஹேலர் எப்போதும் கை எட்டும் இடத்தில் இருக்கும். நல்ல மனுஷி. ஆனால் தொடரில் பாதி அவருக்கு நினைவே இல்லை. சித்தி விஷயத்தைக் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். "யாரோ எழுதிக் குடுத்தாங்க தம்பி, நான் படிச்சேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் துணி தோச்சேன். அவ்ளோதான் டாக்டரு."

அது என்னைப் புண்படுத்தியது. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சாவுக் காட்சியை ஒருமுறை உங்கள் குரலில் படித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். மூன்று மாதம் கேட்டேன். "மூச்சு முட்டுற மாதிரி நான் நடிக்கவே வேணாம்பா, பரண்ல இருக்கிற கம்பளிய ஒரு தட்டு தட்டினா போதும், தானா வந்துடும்" என்று வேடிக்கையாகச் சொன்னார். பிறகு ஒருநாள், "சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன், அடுத்த புதன்கிழமை வெச்சுக்கலாம்" என்றார்.

அவர் வீட்டு முன்னறையில் எதிரொலி அதிகம். சுவரெல்லாம் வெறும் சுண்ணாம்பு. எதிரொலியை அடக்கக் கனமான துணி தொங்கவிட வேண்டும், எந்த ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அதனால் பரணில் இருந்த கம்பளிகளை இறக்கினேன். நாலு கம்பளி. உதறித்தான் தொங்கவிட்டேன், மடிப்போடு தொங்கவிட்டால் பயன் இல்லை. அவர் அப்போது அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்தினேன், தெருச் சத்தம் வரும். விசிறியை நிறுத்தினேன், காரணம் உங்களுக்கே தெரியும். இன்ஹேலர் மேஜையில் உருண்டால் மைக்கில் விழும் என்று அதை எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது பாருங்கள்.

முதல் ஏழு நிமிடம் படித்தார். எட்டாவது நிமிடத்தில் இருமல். ஒன்பதில் மேஜையைத் தடவினார். பிறகு அவர் தாளைப் பார்க்கவில்லை. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். நான் எதிரில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாயால் போயிற்று, வாயால் வந்தது. இழுப்பது குட்டையாகி, விடுவது நீளமாகி, நடுநடுவே ஒன்றுமே இல்லாமல். எப்படி இருக்க வேண்டும் என்று நான் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்தேனோ, அப்படியே இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு இன்ஹேலரை எடுத்துவந்து அவர் கையருகே வைத்தேன். கம்பளிகளை மடித்துப் பரணில் ஏற்றினேன். ஜன்னலைத் திறந்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ரொம்ப நாள் ஆஸ்துமா, வயசு வேறு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது கூட இருந்தீங்களே அண்ணா" என்று அழுதாள். இருந்தேன்தான் என்றேன்.

மறுவாரம் மாடியில் பதிவைப் போட்டேன். போன மாதமே அம்மா படித்துக் கொடுத்தது என்று சொன்னேன். ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போய், முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். இரண்டு பேர் அழுதார்கள். தையல்காரர் கண்ணை மூடிக் கேட்டார், திருப்பிப் போடச் சொன்னார், மறுபடியும் போடச் சொன்னார்.

"பதினோராவது நிமிஷத்துல ஒரு தையல் இருக்கு" என்றார்.

"இல்லையே."

"அதுவரைக்கும் வெளியில எங்கேயோ தண்ணி மோட்டார் ஓடுது. பதினொண்ணுல பட்டுனு இல்ல. நிறுத்தின மோட்டார் இழுத்துத்தான் நிக்கும் சார். நல்லா மடிச்சுத்தான் தைச்சிருக்கீங்க, ஆனா நானும் தைக்கிறவன்தானே. அந்தம்மா படிச்சதோட வேற யாரோ மூச்சை ஒட்டியிருக்கீங்க."

கை தூக்கச் சொன்னார்கள். எட்டுப் பேரும் தூக்கினார்கள். பதிவு செல்லாது, இரண்டாம் பாதி மூச்சு டாக்டருடையது அல்ல. என்னை மோசடிக்காரன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பார்வையிலேயே சொன்னார்கள்.

மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. வேலையிலும் ஒரு தொந்தரவு. அந்தச் சின்ன அறையில் ஆளை உட்கார வைத்துவிட்டு நான் பொத்தானைத் தொடாமல் இருக்கிறேன். அவர்கள் கையைத் தூக்குகிறார்கள். "என்ன கேட்டுச்சு?" என்றால், "யாரோ மூச்சு விட்டாங்களே" என்கிறார்கள். நேற்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதற்கு முதல்நாள் லாரி டிரைவர். கருவியை இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன், கோளாறு ஒன்றும் இல்லை. டாக்டர் இன்னும் போகவில்லை. எட்டுப் பேர் கையைத் தூக்கி அவரை மறுபடி அந்த இருட்டில் நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா, அதை மறைக்க மாட்டேன்.

அதற்காகத்தான் வந்தேன். இந்தப் பென்டிரைவில் வெட்டாத பதிவு இருக்கிறது. மூச்சு எல்லாம் ஒரே ஆளுடையது, அந்த அம்மாவுடையது, அன்று அந்த அறையில் வந்தது என்று நீங்கள் பரிசோதித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுக்க வேண்டும். தையல்காரர் அதற்கு மேல் ஒன்றும் பேச முடியாது. என்னை என்ன செய்வீர்களோ செய்துகொள்ளுங்கள்.

வெட்டியது ஒன்பது வினாடி. மோட்டார் நின்றது அதற்குள்தான். அந்த ஒன்பது வினாடியில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி... நடிக்கலப்பா... பம்ப்..." என்கிறார். நீங்களே யோசியுங்கள். கலத்தில் இருக்கும் டாக்டருக்கு நடிப்பு என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியும்? அவர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியவரும் இல்லை. அந்த ஒரு வரிதான் பிழை. அதைத் திருத்தினேன். மற்றபடி அந்த அம்மாவுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை.