மரக்கத்தி

— “உங்க நைனா படத்துல நடிப்பாரா?”ன்னு அன்னிக்கு என்கிட்ட கேட்டீங்க. நான்தான் சார் தலையாட்டிட்டேன். வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருக்கலாம்.

— பாரும்மா மருதேவி, இப்ப அழுது என்ன ஆகப்போறது? வெள்ளைக்கார டைரக்டரே வீடு தேடி வந்துட்டார். அப்பா சாப்பிட்டு எத்தனை நாளாறது?

— கோட்டையில படம் புடிச்சதுலேர்ந்து இன்னியோட நாலு நாளு. தண்ணி மட்டும்தான்.

— அப்பா குத்தினது மரக்கத்திம்மா! குத்துப்பட்டு விழுந்தா மாதிரி நடிச்ச பச்சைமுத்து நேத்து பஸ் ஸ்டாண்டுல போண்டா தின்னுண்டிருந்தான்.

— நாங்க சமணருங்க சார். மாவுல கோழி செஞ்சி அறுத்தாலும் எங்களுக்குப் பாவம்தான். அந்த இடத்த மட்டும் வெட்டிடச் சொல்லுங்க.

— இங்கிலீஷ்ல கேட்டேன். முடியாதுங்கறார். அந்த ரீல் டப்பாவைக் கீழகூட வைக்க மாட்டேங்கறார், பாரு.

— ஏன் சார்? இன்னாவாம்?

— பின்லாந்துல பத்தொம்பது வயசுல சண்டைக்குப் போனாராம். பனியில தன் வயசுப் பையன் ஒருத்தனைக் குத்திட்டாராம். அப்புறம் பதினோரு படம் எடுத்துட்டார். ஒவ்வொண்ணுலயும் ஒருத்தன் குத்துவான். அன்னிக்குத் தனக்குள்ள இருந்தது ஒரு நடிகன் முகத்துலயும் வரலேன்னு அந்த இடத்தைத் தானே வெட்டி எறிஞ்சுடுவாராம். உங்கப்பா முகத்துலதான் அது வந்துதாம். அவர் ஊர்ல படக் கம்பெனியையும் மூடிட்டாளாம். இதுதான் கடைசிப் படம்.

— எனக்கு அம்மாவும் இல்ல சார். இவரும் போயிட்டா நான் யாருகிட்ட போவேன்? துரை கால்ல வுழறேன், சொல்லுங்க.

— எழுந்திரு, எழுந்திரு... அய்யோ! சார், வேண்டாம்!

— இன்னா பண்றாரு?

— டப்பாவைத் தொறந்து ரீலை வெயில்ல இழுத்துப் போடறார்! அது இன்னும் கழுவாத பிலிம், மருதேவி. வெளிச்சம் பட்டா ஒண்ணும் மிஞ்சாது.

— நைனா! எழுந்து பாரு நைனா. எல்லாம் அழிஞ்சிடுச்சி. கஞ்சி கொண்டாரட்டா?

— வேணாம்மா.

— தர்மநாதன், உமக்காக மனுஷன் தன் ஆயுசு வேலையையே அழிச்சுட்டார்யா!

— அவர ஏன் சார் கஷ்டப்படுத்துனீங்க? படத்துக்காகவா நான் பட்டினி கெடக்கறேன்? குத்தறப்போ எனக்குப் புடிச்சிருந்துது. இன்னொரு தபா குத்தச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துது.



— சார், நைனா இன்னா சொன்னாருன்னு துரை கேக்கறாரு போல.

— குத்தறப்போ புடிச்சிருந்துதுன்னு உங்கப்பா சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்.

— துரை எழுந்துட்டாரே. இன்னா சொல்றாரு சார்?

— வெறும் டப்பாவையும் கீழ போட்டுட்டுக் கிளம்பிட்டார்.

— பூட்ஸு இங்கயே கெடக்குது. இந்த வெயில்ல வெறுங்கால்ல போறாரே சார், கூப்புடுங்க!