பின்னங்காலின் பங்கு

"குதிரை சாப்பிட்டா பின்னங்காலுக்கும் வயிறு நிறையுமா?" என்று ஒரு குழந்தை ஒருமுறை கேட்டது. கேட்டவள் ஒசாயோ. பெரிய நடிகர் கிரிநாமி தட்சுனோஜோவின் மகள், அப்போது ஐந்து வயது. அப்பாவோடு அரங்கின் பின்கட்டுக்கு வந்தவள், நாங்கள் இருவர் உள்ளே புகுந்து கால்களாக நின்றிருந்த நாடகக் குதிரையின் வயிற்றுத் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஒப்பனை அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்தான் பின்னங்கால்.

சுவாமி, இலையுதிர்கால உபன்யாசத்தில் என்னைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னீர்கள். நடக்க முடியாமல் போன தட்சுனோஜோவை, அவர் சாகும்வரை ஏழு ஆண்டுகள், தினமும் காலையில் முதுகில் சுமந்து இந்தக் கோவிலுக்குக் கொண்டுவந்த உத்தமன் யோஹெய் என்று. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் உபன்யாசத்தில் பிழை வரக் கூடாது. அதனால் இரண்டொரு சிறு விவரங்களைச் சேர்த்துவிடுகிறேன். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

எடோ நகரில் எங்கள் காபுகி நாடக அரங்கில் பதினோரு ஆண்டுகள் நான் பின்னங்காலாக இருந்தேன். முன்னங்கால் கொன்ரோக்கு. அவனுக்குக் குதிரையின் மார்பில் ஒரு துளை உண்டு. அதன் வழியே மேடை, விளக்கு, பெண்களின் கொண்டை எல்லாம் தெரியும். பின்னங்கால் குனிந்து முன்னவனின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கொன்ரோக்குவின் குதிகால்கள். இடது குதிகாலில் நான்கு வெடிப்பு, வலதில் ஆறு. மேலே அமர்பவரின் எடை இருவருக்கும் பொது என்பார்கள். முதுகு வேறு விதமாகச் சொல்லும்.

குதிரையில் ஏறும் நடிகர், நாடகம் தொடங்கும் நாளன்று குதிரைக்குத் தீனி அனுப்புவது எங்கள் வழக்கம். தீனி என்றால் புல் இல்லை. வாட்டிய விலாங்கு மீன், அரிசிப் பலகாரம், கொஞ்சம் மது. கால்களாக இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். பதினோரு ஆண்டுகளும் எங்கள் குதிரையில் ஏறியவர் தட்சுனோஜோதான். பதினோரு ஆண்டுகளும் எனக்கு எதுவும் வரவில்லை.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கொன்ரோக்குவிடம் கேட்டேன், அவ்வளவுதான்.

"அண்ணே, பெரியவரு தீனி ஏதும் அனுப்பினாரா?"

"எங்கடா அனுப்பறாரு? பெரிய மனுசனுங்க கண்ணுக்குக் குதிரைத் தலை தெரிஞ்சாலே அதிகம். பின்னாடி நிக்கிற உன்ன யாரு பாக்கறா?"

"உங்க மேல விலாங்கு வாசனை வருதே."

"என் பொண்டாட்டி வறுத்தா. ஏன், அதுக்கும் உங்கிட்ட கேக்கணுமா?"

அவன் மனைவி செத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. துக்கத்தில் அப்படிப் பேசுகிறான் என்று நினைத்து நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பிறர் துக்கத்தைக் கிளறக் கூடாது. சின்னச் சின்ன இரக்கங்களால்தான் உலகம் நிற்கிறது என்று நீங்களே இந்த இடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்கள்.

தட்சுனோஜோவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பார்ப்பவர்களுக்கு வெள்ளைப் பூச்சுக்குள் அவர் இருபது வயதுப் போர்வீரன். என் முதுகுக்குத்தான் உண்மை தெரியும். அவர் தொடை நடுங்கியது. ஏறும்போது மூச்சு இரைத்தது. மேடைதான் தன் உயிர் என்பார். அதை விடச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஜனங்கள் சிரிப்பதற்குள் அவர் ஓய்வு பெற்றால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. முழுக்க முழுக்க அவர் நன்மைக்காக. ஒசாயோ அந்தக் கேள்வியைக் கேட்ட அதே வாரம்தான் இந்த எண்ணம் வந்தது, ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை.

முதலில் குறிப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் வாளை உயர்த்தும் நேரம் பார்த்து இடுப்பை ஒரு விரற்கடை தாழ்த்தினேன். அவர் லேசாகத் தள்ளாடினார். மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "யோவ், குதிரைக்குத் தீனி போடுங்கப்பா, நிக்க மாட்டேங்குது."

அரங்கமே சிரித்தது. அந்த மாடிக்காரன் விவரம் தெரிந்தவன்.

காட்சி முடிந்ததும் தட்சுனோஜோ இறங்கி வந்து குதிரையின் பின்புறத்தைத் தட்டினார். துணிக்கு மேலேதான், ஆனாலும் என் தோள் அங்கேதான் இருந்தது. "தப்பு என்னோடது. நான் உக்காந்த விதம் சரியில்ல. ரொம்ப பாரமா இருக்கேனோ?" என்றார்.

பழியைத் தானே எடுத்துக்கொண்டார். நான் சொல்ல வந்தது அவருக்குப் புரியவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த நாடகத்தின் கடைசி நாள். பார்வையாளர்களின் நடுவே ஓடும் பூப்பாதையில் வந்து குதிரை நிற்கும். தட்சுனோஜோ தலையை ஒரு சுழற்றுச் சுழற்றி, ஒரு கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி, சிலையாக உறைவார். மேடையோரத்தில் மரக்கட்டைகளைப் படபடவென்று அடிப்பார்கள். மாடியிலிருந்து ரசிகர்கள் அவருடைய நடிகர் பரம்பரையின் பெயரைக் கூவுவார்கள்: "ஷிராஹமாயா." அந்த ஒரு கூவலுக்காகத்தான் நடிகன் சோறு தின்கிறான். பதினோரு ஆண்டுகள் அது என் தலைக்கு மேலே போயிருக்கிறது. அவர் கோலத்தை ஊரே பார்த்திருக்கிறது. நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அமிதா புத்தரின் பெயரை மூன்று முறை சொன்னேன். அதைச் சொல்லாமல் நான் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை. கட்டை ஒலித்தது. கூவல் எழுந்தது. நான் வலது முட்டியை மடக்கினேன்.

செய்தது அவ்வளவுதான். முட்டியை மடக்குவது குற்றமென்றால் உங்கள் கோவிலில் தினமும் எவ்வளவு குற்றம் நடக்கிறது.

அவர் கவசத்தோடு பூப்பாதையிலிருந்து கீழே, உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் விழுந்தார். ஓர் எண்ணெய் வியாபாரி தன் சோற்றுப் பெட்டியைச் சட்டென்று நகர்த்திக்கொண்டதால் சோறு சேதமாகவில்லை. தட்சுனோஜோவின் இடுப்பெலும்பு உடைந்தது. அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொல்லலாம்.

விசாரணை நடந்தது. குதிரை இடறினால் முன்னங்காலைத்தான் கேட்பார்கள். அவனுக்குத்தானே கண் இருக்கிறது. பின்னங்காலைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அரங்க முதலாளி கொன்ரோக்குவை வெளியேற்றினார். மூட்டையைக் கட்டிக்கொண்டு அவன் என்னிடம் வந்து அழுதான்.

"இது அந்தத் தீனியோட பாவம்டா யோஹெய். பெரியவரு ஒவ்வொரு தடவையும் ரெண்டு பொட்டலம் அனுப்புவாரு. உன்னுதையும் சேத்து நானே தின்னேன். புத்தர் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு."

நான் அவன் மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினேன். பிறகு, "போனது போகட்டும் அண்ணே" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. செய்த பாவத்துக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று நிம்மதியோடு தன் ஊரான ஓடவாராவுக்குப் போனான். உண்மையைச் சொல்லி அந்த நிம்மதியைக் கெடுப்பது இரக்கமாகாது என்று விட்டுவிட்டேன். அவன் இடம் எனக்குக் கிடைத்தது. முன்னங்காலிலிருந்து பார்க்க அரங்கம் உண்மையிலேயே அழகு. வரும் தீனியை இன்றுவரை கடைசித் துண்டுவரை பின்னங்காலோடு பங்கிட்டுக்கொள்கிறேன். இதையும் உபன்யாசத்தில் சேர்க்கலாம்.

மறுமாதம் தட்சுனோஜோவின் வீட்டுக்குப் போய், கோவிலுக்கு நான் சுமந்து போகிறேன் என்றேன். "உனக்கு என்னைத் தூக்கிப் பழக்கம்தான்" என்று சிரித்தார். வழியெல்லாம் ஜனங்கள் கைகூப்பினார்கள். நான் தலையைத் தாழ்த்திக்கொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கடன் குறைகிறது என்று எண்ணிக்கொள்வேன். ஏழு ஆண்டில் நான்தான் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டேனோ என்றுகூடச் சில நாள் தோன்றியது.

இந்தக் கோடையில், வெயிலுக்காக அரங்கம் மூடியிருந்த ஒரு பகலில், அவர் என் தோளைத் தட்டினார்.

"இன்னிக்குக் கோவில் வேண்டாம். அரங்குக்குப் போவோம்."

"அங்க யாரும் இருக்க மாட்டாங்க ஐயா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கைக்குட்டையில் எதையோ முடிந்து மடியில் வைத்திருந்தார். பக்கக் கதவு வழியாக நுழைந்தேன். பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பூப்பாதையில் அவரைச் சுமந்து நடந்தேன். அந்த இடம் வந்ததும் கால்கள் தாமாகவே நின்றன. முதுகில் அவர் உடம்பு இறுகியது. தலை ஒரு சுற்றுச் சுற்றியது. இந்த முறையும் என்னால் பார்க்க முடியவில்லை. கட்டை அடிக்க ஆளில்லை. கூவ ஆளில்லை.

"ஷிராஹமாயா" என்றேன். குரல் சரியாக வரவில்லை. குதிரைகளுக்குக் கூவிப் பழக்கம் கிடையாது.

அவர் மெல்ல மூச்சு விட்டார். "நல்ல நேரத்துல கூவினே" என்றார். பிறகு என் தோளுக்கு மேல் முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது. வாட்டிய விலாங்கின் வாசனை.

"ஓடவாராவிலேருந்து கொன்ரோக்கு போன வாரம் வந்தான். உன் பங்கைத் தின்ன கதையைச் சொல்லி அழுதான். பதினோரு வருசத்துல ஒரு தடவையாவது நானே கையில குடுத்திருக்கணும். வாயைத் தொற."

என் கைகள் அவர் தொடைகளைத் தாங்கியிருந்தன. அதனால் அவரே ஊட்டினார். ஆறிப்போயிருந்தாலும் நல்ல மீன். ஒவ்வொரு துண்டாக, அவசரமில்லாமல், கைக்குட்டை காலியாகும்வரை ஊட்டினார். அந்த ஆயிரம் பேர் அரங்கில் அதைப் பார்க்க ஓர் ஈகூட இல்லை.

"வெறும் வயித்தோட என்னைச் சுமந்து நின்னிருக்கே" என்றார். "அன்னிக்கு வலது முட்டிதானே மடங்குச்சு? மேல உக்காந்தவனுக்குத் தெரியும். ஒரு நாள்கூட நான் விசாரிக்கல. இப்ப எப்படிடா இருக்கு அந்த முட்டி?"

"சரியாயிடுச்சு ஐயா" என்றேன். வாயில் மீன் இருந்ததால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

முட்டிக்கு இப்போது ஒன்றும் இல்லை, சுவாமி. அன்றைக்கும் ஒன்றும் இல்லை.