கை நடுங்கியும் களம் நீங்காதவருக்கு

பச்சைப் புல்வெளியில் பந்தை உருட்டிப் பட்டங்கள் பல கண்ட பெருமாட்டியே! காற்றின் போக்கையும் களத்தின் சரிவையும் கண்ணாலேயே அளந்த கோல்ஃப் வீராங்கனையே! மைதானத்தின் தலைமைப் பயிற்சியாளரே, எங்கள் வாய்க்கு என்றும் 'சாம்பியன் அக்கா'வே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆகையால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் அவையோருக்குச் சொல்கிறோம். அமர்ந்தபடியே கேட்டருள்க!

அவையோரே! பள்ளி நாட்களில் இவர் ஹாக்கி ஆடியவர். எழுதுவது இடக்கையால் என்றாலும், ஹாக்கியில் இடக்கை மட்டைக்கு இடமில்லை என்பதால் வலக்கை ஆட்டமே பழகினார். முழங்கால் சவ்வு கிழிந்து, இனி ஓடவே கூடாது என்று மருத்துவர் கண்டித்தபோது, "ஓடாம ஆடுற ஆட்டம் ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டாராம். அழுது ஓய வேண்டிய வேளையில் கேட்ட அந்தக் கேள்விதான் இவரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சில ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டக்காரரானார். மட்டைப் பையைச் சுமக்க வந்தவர்கள் இவர் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் தையற்கடை வைத்திருந்த கணவரின் அக்கா, "துணி மூட்டை தூக்குன தோளுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?" என்று பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நாத்தனார் என்றால் நெருப்பு என்று பேசும் உலகில், இந்த நாத்தனார் நிழலாக நடந்தார். பை சுமப்பவருக்கு இந்த ஆட்டத்தில் 'கேடி' என்று பெயர் எனத் தெரிந்த அன்று அவர் போட்ட சத்தம் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. "மானமா தச்சுப் பொழைச்சவ நான்! உன்கூட வந்து கேடின்னு பேர் வாங்கணுமா?"

அந்த இருவர் கூட்டணிக்குத் தேசியப் பட்டம் கிட்டியது. மறு ஆண்டும் கிட்டியது. வெளிநாட்டுக் களங்களிலும் வெற்றி இவர் வழியறிந்து வந்தது. தொட்டதெல்லாம் துலங்கிய அந்தக் காலத்தை நாங்கள் விரித்துரைக்கப் போவதில்லை. கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கு வாய் உண்டு. நாங்கள் சொல்ல வந்தது கோப்பையில்லாத ஆண்டுகளைப் பற்றி.

மூன்றாம் முறை பட்டம் பெற, குழிக்கு ஒரு முழம் தூரத்தில் கிடந்த பந்தைத் தட்டிவிட்டால் போதும் என்ற நிலை. குழந்தையும் தட்டிவிடும் தூரம். மட்டையை வைத்ததும் இவருடைய வலது மணிக்கட்டு வெடுக்கென்று துள்ளியது. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அப்பால் போயிற்று. அன்று தொடங்கிய நடுக்கம் அதன்பின் இவரை விடவில்லை. நெடுந்தூரம் பறக்க அடிக்கும்போது கை கல்லாக நிற்கும். குழியருகே வந்ததும் கோழிக்குஞ்சாகத் துடிக்கும்.

"இது பயம் இல்லம்மா. ஒரே அசைவை லட்சம் தடவை செஞ்ச நரம்பு சண்டித்தனம் பண்ணுது. சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது" என்றார் நரம்பு மருத்துவர். விளம்பர நிறுவனம் விலகிக்கொண்டது. தரவரிசையிலிருந்து பெயர் இறங்கி இறங்கி, ஒரு நாள் காணாமலே போயிற்று. தொலைக்காட்சியில் வர்ணனை செய்ய அழைத்தார்கள். பள்ளியில் கணக்கு ஆசிரியரான கணவர், அன்பு மிகுதியால், "ஜெயிச்ச வரைக்கும் போதும், விட்டுடலாமே" என்றார்.

"போதும்னு நான் சொல்லணுங்க. கை சொல்லக் கூடாது" என்றார் இவர்.

மறுவாரம் இடக்கைக்காரர்கள் பிடிக்கும் குட்டை மட்டை ஒன்றோடு வந்தார். நீண்ட அடிகளை வலக்கையால் ஆடிவிட்டு, குழியருகே மட்டும் இடப்புறம் திரும்பி நின்றார். பழைய சாம்பியன் பாலர் வகுப்பில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பந்து வலப்பக்கம் போகும், இடப்பக்கம் போகும், குழிக்குள் மட்டும் போகாது. முதல் போட்டியில் கடைசி இடம். உடன் ஆடிய இளம்பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். இவர் கண்டுகொள்ளவில்லை. வெயிலானாலும் மழையானாலும் பயிற்சித் திடலில் ஒரே இடத்தில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார். புல்தரை மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்துவிட்டார்:

"அக்கா, நீங்க நிக்கிற இடத்துல புல்லு செத்துப் போச்சு! கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் என்ன?"

"தள்ளித்தான் நிக்கிறேன் மேஸ்திரி. அதான் பந்து உள்ள போகமாட்டேங்குது" என்றார் இவர். மேஸ்திரிக்குச் சிரிப்பதா சீறுவதா என்று தெரியவில்லை.

தொழில்முறைப் பந்தயங்களில் மீண்டும் ஆட வேண்டுமானால் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். இரண்டு ஆண்டுகள் தேறவில்லை. மூன்றாம் ஆண்டு, வயது வரம்பின்படி அதுவே கடைசி வாய்ப்பு. கடைசிக் குழியில், மீண்டும் அதே முழ தூரத்தில் பந்து கிடந்தது. இவர் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தார்.

"அண்ணி, பழையபடி கை துள்ளுமோன்னு இருக்கு."

"துள்ளினா துள்ளட்டும். நாளைக்கு நான் ரெண்டு சட்டை தச்சுக் குடுக்கணும். சீக்கிரம் தட்டிட்டு வா."

இவர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் தட்டினார். பந்து போய், தயங்கி, விழுந்தது. அவையோரே, அன்று இவர் வென்றது முதலிடம் அன்று; தகுதி பெற்றோர் வரிசையில் கடைசி இடம்! கைதட்டியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆயினும் அந்த நாத்தனார் பையைக் கீழே போட்டுவிட்டு, புல்மீது உட்கார்ந்து, முந்தானையால் முகம் மூடி அழுததை உடன் போன எங்களில் சிலர் கண்ணாரக் கண்டோம்.

அதற்கு அடுத்த பருவம் தேசியப் பட்டம் இவரிடமே திரும்பி வந்ததை உலகம் அறியும். அந்த வெற்றிக்கு ஊரே கூடியது. எங்கள் நெஞ்சிலோ அந்தக் கடைசி இடமே முதலிடம் பெற்று நிற்கிறது.

அம்மையே! இனி உங்களை நோக்கியே பேசுகிறோம். பந்தயக் களத்திலிருந்தும் பயிற்சிப் பணியிலிருந்தும் இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இம்மடலைச் சட்டமிட்டுத் தருவோம் என்றபோது, "ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்க. இல்லேன்னா விழாவுக்கே வரமாட்டேன்" என்று கறாராகச் சொன்னீர்கள். ஒரே சட்டத்தில் போட்டால் எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவது என்று சண்டை வரும். ஆகவே இரண்டாகச் செய்திருக்கிறோம். முதலில் உங்கள் அண்ணி மேடையேறி வாங்கிக்கொள்வார். அவருக்குப் பின்னால் நீங்கள் வாருங்கள். இத்தனை காலம் அவர்தானே உங்கள் பின்னால் நடந்தார்!

நோயின்றி, நொடிப்பின்றி, நெடுங்காலம் நீங்கள் இருவரும் நிறைவாழ்வு வாழ்க!

அன்பில் குறையா உங்கள்
புல்தரைப் பணியாளர்கள், பை சுமப்போர், சமையற்கூடத்தார், அலுவலகத்தார்