தோலா, ரத்தமா: என் அத்தையின் இறால் வடை வழக்கு

அவையை அரசர்போல் ஆளும் தலைவர் கோவிந்தசாமி அவர்களே, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பெரியோர்களே, செம்பவாங்கிலிருந்தும் மார்சிலிங்கிலிருந்தும் ரயில் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் பிரியாணிக்காகப் பொறுமை காக்கும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒவ்வாமையைக் கண்டறியச் சிறந்தது தோல் பரிசோதனையா, ரத்தப் பரிசோதனையா? இதுதான் தலைப்பு. இரண்டு சோதனைகளைக் கண்டால் பட்டிமன்றம் வைக்காமல் நம்மால் தூங்க முடியுமா? பேச வேண்டிய மருத்துவர் வரவில்லை. என்னை ஏற்றிவிட்டார்கள். நான் படித்தது கணக்கியல். ஆனால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடிதம் முதல் முழங்கால் ஸ்கேன் வரை எல்லாவற்றையும் படித்துப் பொருள் சொல்வது என் பிறவிக்கடன்.

முன்வரிசையில் பச்சைப் புடவையில் இருப்பவர் என் அத்தை உமாமகேஸ்வரி. லிட்டில் இந்தியாவில் இறால் வடைக் கடை வைத்திருக்கிறார். ஒரு கல்யாண விருந்து முடிந்த சற்று நேரத்தில் அவருக்கு உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் மாமா ராமலிங்கத்தின் தீர்ப்பு வந்துவிட்டது.

"இறால்தான் லா! நாள் முழுக்க அதுக்குள்ளதானே கைய விட்டுக்கிட்டு இருக்க!"

இறால்தான் என்றால் கடை மூடவேண்டும். கடை மூடினால் அத்தை என்ன ஆவார்? யாராவது கேட்டோமா? கேட்கவில்லை.

முதலில் தோல் பரிசோதனை. சந்தேகப்படும் உணவுகளின் சாற்றை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். ஒத்துக்கொள்ளாத இடம் கால் மணி நேரத்தில் கொசு கடித்ததுபோல் தடிக்கும். சோதனைக்குச் சில நாள் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அத்தை நிறுத்தினாரா? நிறுத்தினார், காப்பியை! மாத்திரையை விழுங்கிவிட்டே போனார். ஏன்?

"டாக்டர் முன்னால சொறிஞ்சுக்கிட்டு உக்காந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஆகா! உயிர் போனாலும் மரியாதை போகக்கூடாது!

கையில் ஒரு புள்ளியும் எழவில்லை. யார் கையிலும் தடித்தே தீரவேண்டும் என்று ஒப்பீட்டுக்காக வைக்கும் சொட்டுகூட எழவில்லை. "மாத்திரை போட்டீங்களா ஆன்ட்டி?" என்றார் மருத்துவர் நிரஞ்சனா. "சேச்சே!" என்றார் அத்தை. "இந்த முடிவை நம்ப முடியாது, திரும்ப வாங்க" என்றார் மருத்துவர்.

மாமா திரும்பப் போகவிட்டாரா? "தோலு ஏமாத்தும், ரத்தம் ஏமாத்தாது" என்று ஏதோ ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்க வைத்தார். உண்மைதான், ரத்தப் பரிசோதனையை மாத்திரை கெடுக்காது. தோல் முழுக்கச் சிரங்கு உள்ளவர்களுக்கும் அது உதவும். ஆனால் வந்த அறிக்கையில் ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருள் இறாலுக்குக் கொஞ்சம், கோதுமைக்குக் கொஞ்சம், கடலைக்குக் கொஞ்சம், உளுந்துக்குக் கொஞ்சம். மாமா எல்லாவற்றுக்கும் தடை போட்டார். கடையின் கதவு இறங்கியது. அத்தை கஞ்சியில் மெலிந்தார். மாமா மட்டும் அவர் எதிரில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார். அவருக்குத்தான் ஒவ்வாமை இல்லையே!

என்ன மாமா, எழுந்து போகிறீர்கள்? உட்காருங்கள், இன்னும் கொஞ்சம்தான்.

கடைசியில் அத்தையை நிரஞ்சனாவிடமே அழைத்துப் போனேன். அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் கேட்டார். "இறால் சாப்பிட்டா உங்களுக்கு என்ன பண்ணும் ஆன்ட்டி?"

"ஒன்னும் பண்ணாது. தினம் ஒரு வடை ருசி பாப்பேன். கடை மூடுற வரைக்கும் பாத்தேன்."

"அப்ப இறால் இல்ல. ஆன்டிபாடி இருந்தா மட்டும் அலர்ஜின்னு சொல்ல முடியாது. அன்னைக்கு விருந்துல புதுசா என்ன சாப்ட்டீங்க?"

அத்தை தயங்கினார். "முந்திரி கேக்கு. பக்கத்து இலைக்காரங்க வேணாம்னதையும் நான்தான்…"

தாய்மார்களே, முந்திரியை யார் சந்தேகப்படுவார்கள்? விலை உயர்ந்தது கெடுதல் செய்யுமா? ஆய்வகம் தந்த அந்த நீண்ட பட்டியலில் அதன் பெயரே இல்லை! இம்முறை மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனார். முந்திரிச் சொட்டு வைத்த இடம் காசு அகலத்துக்குத் தடித்தது. முந்திரிக்கென்று தனியாக எடுத்த ரத்தமும் அதையே சொன்னது. தோலா வென்றது? ரத்தமா வென்றது? இரண்டும் சாட்சிகள் ஐயா! சாட்சியிடம் சரியான கேள்வியைக் கேட்கவேண்டும். சாப்பிட்டதை மறைக்காதீர்கள், விழுங்கியதை மறைக்காதீர்கள், மருத்துவர் முடிவு சொல்வதற்குமுன் தீர்ப்பு எழுதாதீர்கள்! வெட்கம் மானத்தைக் காக்கலாம், மூச்சைக் காக்காது!

கடை திறந்துவிட்டது. அத்தையின் கைப்பையில் இப்போது அவசர ஊசி இருக்கிறது.

கைதட்டலுக்கு நன்றி. வாய்ப்பளித்த தலைவருக்கும் நன்றி. ஐயா, முன்வரிசைக்கெல்லாம் அன்போடு நீங்கள் கொடுத்த இனிப்புப் பெட்டியின் மேலேயே முந்திரி கேக் என்று எழுதியிருக்கிறது. அத்தை, வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு அதை மடியில் வைத்திருக்கிறீர்கள். எழுந்து, மேடையேறி, தலைவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கொடுத்துவிட்டார்! இப்போது தட்டுங்கள் கையை! வணக்கம்.